தரையில் பாவும் கால்

1946 பிப்ரவரி 4, திங்கள்

விடியும்போதே மஞ்சு. பத்து மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. லாரியை அடிவாரத்தில் விட்டு ஒரு நாள் ஏற்றம், செம்மேட்டில் ஒரு ராத்திரி, பிறகு ஆலத்தூர் நாட்டுக்குள் இந்தச் சிற்றூர் வரை நடை. முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை.

வந்து சேர்ந்தவை: புரொஜெக்டர் பெட்டி (ஒரு மூலை நசுங்கல்). படச்சுருள்கள். திரைத்துணி. மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை டப்பாக்கள். என் பென்சில், மை, பூதக்கண்ணாடி.

வராதது: காப்பித்தூள். செம்மேட்டிலேயே மறந்திருப்போம் என்கிறார் மாரிமுத்து. இந்தச் செய்தியை இவ்வளவு அமைதியாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

மாரிமுத்து சுகாதார இலாகா பியூன். சேந்தமங்கலத்துக்காரர், என்னைவிட மூத்தவர். காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா கொடுப்பது அவர் வேலை. படம் காட்டிக் கூட்டம் சேர்ப்பது என் வேலை. சேலத்தில் சினிமாத் தட்டிகளுக்கு மூஞ்சி எழுதிக்கொண்டிருந்தவன் இப்போது மலை மலையாகக் கொசு காட்டுகிறேன். பத்து நாள் முகாம். ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தரை சுத்தம். எலி உண்டு.

5, செவ்வாய்

பகலெல்லாம் புரொஜெக்டரைத் துடைத்தேன். கையால் சுற்றினால் படமும் ஓடும், விளக்கும் எரியும். சுற்றுவது தளர்ந்தால் இரண்டும் மங்கும்.

இருட்டியதும் காட்சி. ஊர் முழுக்க வந்துவிட்டது. முதலில் எலும்புக்கூட்டுப் படம், பிறகு கொசுப் படம். கொசுவை முதலில் போட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், அனுபவம்.

எலும்புக்கூட்டுப் படம் என் உயிர். சித்திரங்கள் நடிக்கும் படம், எந்த நாட்டில் செய்ததோ. தலைப்புத் துண்டு எப்போதோ போய்விட்டது, வரைந்தவன் பெயர் தெரியாது. பாழடைந்த வீடு, கொல்லையில் மண்மேடு. மேடு அசைகிறது. ஒரு கை வெளியே வருகிறது. அப்பன் கூடு, ஆத்தாள் கூடு, கடைசியில் குட்டிக் கூடு. மூன்றும் மண்ணை உதறிவிட்டு வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டிச் சாப்பிட உட்காரும். குடித்த கஞ்சி விலா எலும்பு வழியாக ஒழுகும். குட்டி அதைக் கையில் பிடித்து மறுபடி குடிக்கும். பிறகு கூத்து, ஒருவர் விலாவில் மற்றவர் தாளம்.

சமவெளியில் இதற்குக் கத்துவார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மாரிமுத்து எத்தனை முறை பார்த்தும் இன்னமும் தரையைத்தான் பார்க்கிறார். இங்கே சிரிப்பு. கிழவர்கள்தான் முதலில். எனக்கு ஆச்சரியம். பயமில்லையா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

“கால் தரையில பாவுதுங்களே. பேயின்னாப் பாவாதுங்க. இவங்க ஆளுங்க.”

கைப்பிடியை விட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தப் பெயர் தெரியாதவன் பாடுபட்டதெல்லாம் அதற்குத்தானே. எலும்புக்கு எடை ஏது? ஆனால் அவன் எலும்பு ஒவ்வொரு அடிக்கும் மண்ணை அமுக்குகிறது. காலடியில் சின்னதாக நிழல் வேறு.

சந்தோஷம் அத்தோடு சரி. கூத்து முடியும் இடத்தில் படம் சிக்கியது. திரையில் ஒரு கொப்புளம், பழுப்பு, பிறகு வெறும் வெள்ளை. கடைசித் துண்டு கருகிப் பல்சக்கரத்தில் மாட்டி நார்நாராகிவிட்டது. வேறு வழியில்லாமல் கொசுவைப் போட்டேன்.

போன துண்டுதான் படத்திலேயே உயர்ந்தது. கூத்து ஓய்ந்து மூவரும் கொல்லைக்குப் போவார்கள். குட்டி படுக்காது, முரண்டு பிடிக்கும். ஆத்தாள் அதைப் படுக்கவைத்து மண்ணைப் போர்வை மாதிரி இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிடுவாள். ஒரு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான். சிரித்த சனமெல்லாம் அந்த இடத்தில் சத்தம் போடாது.

தூக்கம் வரவில்லை. அழுகையே வந்தது, வெட்கக்கேடு.

6, புதன்

மஞ்சு. மாரிமுத்து சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தார். காப்பி இல்லை என்பதைச் சுக்கு இன்னும் நன்றாக ஞாபகப்படுத்துகிறது.

காலையில் கருகின துண்டை விரித்து வைத்து ஒட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டாது. எரிச்சல். அந்த நேரம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். கண்ணில் காய்ச்சல் தெரிந்தது. கையில் பித்தளைக் காப்பு.

“ஏனுங்க சாமி, நேத்துப் படத்துல வந்தாங்களே, அவங்கெல்லாம் அப்புறம் எங்கீங்க போனாங்க?”

எங்கேயும் போகவில்லை, அந்த வீட்டிலேயேதான் இருக்கிறார்கள் என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. துண்டு போன கடுப்பில் சொன்னது. அவள் போய்விட்டாள். பெயர் வெள்ளச்சி என்று மாரிமுத்து பிறகு சொன்னார்.

மத்தியானம் களி, கீரை. சாயங்காலம் பக்கத்து ஊரில் காட்சி. கொசு மட்டும்.

7, வியாழன்

மாரிமுத்து மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். பீடி இரண்டு தீர்ந்த பிறகு சொன்னார்.

வெள்ளச்சிக்கு ஒரே மகள், செல்லி. ஏழு வயது. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டாம். ஒருவர் இறந்தால் காரியம் முடிந்த அன்று வாசல்படி உள்ளே சலித்த சாம்பல் தூவிவைப்பார்கள். மறுநாள் காலையில் பார்ப்பார்கள். தடம் இருந்தால் வந்து போனதாக அர்த்தம். இல்லாவிட்டாலும் சரிதான். பெருக்கி எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ஒரு நாள்தான் அது. செல்லிக்கும் தூவினார்கள், பார்த்தார்கள், பெருக்கினார்கள்.

நேற்றுச் சாயங்காலம் வெள்ளச்சி மறுபடி சாம்பல் தூவியிருக்கிறாள். தூவிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு நிலையோரம் உட்கார்ந்திருக்கிறாள், விடியும்வரை. இந்தக் குளிரில், காய்ச்சலோடு. பக்கத்தில் கம்பளி சுருட்டி வைத்திருக்கிறது. அது செல்லியுடையதாம், வந்தால் போர்த்துவதற்காம். தனக்குப் போர்த்திக்கொள்ளவில்லை.

கொய்னா வேண்டாம் என்கிறாளாம். அதைத் தின்றால் காது இரைகிறது, பிள்ளை வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்காது என்கிறாள். அது உண்மை வேறு. கொய்னா தின்றவர்களுக்கெல்லாம் காதில் வண்டு பாடும்.

“உங்க சாமிதான் சொன்னாரு, அவங்க ஊட்டுலயேதான் இருக்காங்கன்னு. அப்படின்னு என்கிட்ட வந்து சொல்லுது சார் அந்தப் பொண்ணு.”

மாரிமுத்து இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

8, வெள்ளி

வெள்ளச்சி வீட்டுக்குப் போனேன். படம் வெறும் காகிதத்தில் வரைந்தது, ஆள் யாரும் கிடையாது, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் அசைகிற மாதிரி தெரியும், அவ்வளவுதான் என்று விளக்கப் போனேன். பழைய நோட்டீஸ் கட்டு ஒன்றின் ஓரங்களில் பந்து குதிப்பதை வரைந்து, விரலால் சரசரவென்று விட்டுக் காட்டினேன். சந்தேகம் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு. என் புத்திசாலித்தனம்.

பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்பொச் செல்லியையும் இப்பிடி எழுதலாம்ல சாமி?”

முடியாது என்றேன். அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை என்றேன். மூஞ்சி வேண்டாம், நடந்தால் போதும், நடையிலேயே தனக்குத் தெரிந்துவிடும் என்றாள். பிறகு சாம்பல் இருந்த இடத்தைத் தாண்டி முற்றத்துக்குப் போய் நடந்து காட்டினாள்.

அதை எப்படி எழுதுவது. இடது குதிகால் பூமியில் முழுசாகப் படாது, செல்லிக்கு எப்போதோ முள் ஏறிய காலாம். இடுப்பில் குடம் இருப்பதாகப் பாவனை. உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. நாலு அடிக்கு ஒருமுறை குடத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள், சின்னக் குழந்தைகளுக்குக் குடம் நழுவும் அல்லவா. காய்ச்சலில் தள்ளாடியும் இது ஒன்றும் மாறவில்லை. முப்பது வயதுப் பெண் இல்லை, ஏழு வயதுப் பிள்ளை முற்றத்தில் தண்ணீர் கொண்டு போனது. புருஷன் சடையன் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தவன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

நான் பார்த்ததிலேயே பெரிய நடிப்பு. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இரக்கம் இல்லை. ‘இதை வரைய முடியும்’ என்பதுதான். எழுதிவைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

வரைகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

9, சனி

காகிதத்துக்குப் பஞ்சம். யுத்தம் முடிந்ததாம், காகிதத்துக்கு இன்னும் முடியவில்லை. கொய்னா விளம்பர நோட்டீஸ்களின் பின்பக்கம் காலி. மாரிமுத்து கத்தியால் ஒரே அளவாக நறுக்கி, ஒரு ஓரத்தில் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தார். முன்னால் கொசு, பின்னால் செல்லி.

விடிந்ததிலிருந்து வரைந்தேன். முதுகு காட்டிப் போகும் பெண் பிள்ளை. இரட்டைச் சடை, குடம், சாய்வு, தூக்கின குதிகால். ஒவ்வொரு தாளும் தனியாகப் பார்க்க அழகு. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளச்சி விரலால் விட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை. தாள்கட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“இது வேண்டாமுங்க. கால் பாவுல. இது எம்புள்ள இல்ல, பேயி.”

அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். கொட்டகையில் வைத்து நானே விட்டுப் பார்த்தேன். சரிதான். கால் வழுக்குகிறது. பிள்ளை நடக்கவில்லை, தரைக்கு ஒரு விரல் மேலே மிதந்து போகிறது.

10, ஞாயிறு

வெயில், கடைசியில்.

எலும்புப் படத்தை வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, கட்டம் கட்டமாகக் கால்களை மட்டும் பார்த்தேன். காலையிலிருந்து கழுத்துப் பிடிப்பு.

கண்டது: ஊன்றின கால் நகர்வதே இல்லை. கட்டத்துக்குக் கட்டம் அதே புல் நுனி, அதே இடம். உடம்புதான் அதைத் தாண்டிப் போகிறது. நான் கால்களையும் உடம்போடு சேர்த்து நகர்த்தியிருக்கிறேன். தட்டி எழுதுகிறவன் புத்தி. எடை ஏறும்போது முழங்கால் கொஞ்சம் மடிகிறது, இடுப்பு இறங்குகிறது. கால் நின்ற பிறகும் விலா எலும்பு குலுங்கி ஓய்கிறது. வானம் கறுப்பு இல்லை, சாம்பல் பூச்சு. முழுக் கறுப்பு ஒரே இடத்தில்தான், மண்மேட்டுக் குழியில். கண் அங்கேயே போய் நிற்கிறது. பயமுறுத்துவதற்காகப் படம் எடுத்தவன் எலும்புக்கு இவ்வளவு உயிர் கொடுத்திருக்கிறான். மகா ராட்சசன்.

புதுக் கட்டு தைத்து முழுக்க மறுபடி வரைந்தேன். முதலில் ஒரு கல்லை வரைந்துகொண்டேன், எல்லாத் தாளிலும் அதே இடத்தில். கல்லுக்குப் பக்கத்தில் கால். அது அங்கேயே. உடம்பு போகட்டும்.

விளக்கேற்றும் நேரத்தில் கொடுத்தேன். விட்டுப் பார்த்தாள். குடத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் தாள் வந்ததும் அவள் இடுப்பு தானாக அசைந்தது.

“ஆமாங்க. அவதான்.”

சிரித்தாள். என் தொழிலில் இதற்குமேல் யாரும் எனக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. மாரிமுத்துவிடம் வாய் ஓயாமல் பேசினேன். அவர் கொய்னா டப்பாவை எண்ணுவதுபோல எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

11, திங்கள்

மறுபடி மஞ்சு. நாசமாய்ப் போன மஞ்சு.

சடையன் விடிகாலையில் வந்து கொட்டகை முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் கதவைத் திறக்கும்வரை கூப்பிடவில்லை.

நேற்று ராத்திரி வெள்ளச்சி நிலையோரம்கூட இல்லை, வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் தூரத்திலிருந்தே காலடி கேட்க வேண்டுமாம். தாள்கட்டை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். விளக்கெண்ணெய் தீர்ந்த பிறகும் இருட்டிலேயே விரலால் விட்டுக்கொண்டிருந்தாளாம், சத்தத்துக்காக. பல் கிட்டிக்கொள்கிறது. கம்பளியை எடுத்துப் போர்த்தப்போனால் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிடுகிறாள். களியில் பாதி செல்லிக்கென்று எடுத்துவைக்கிறாள். காலையில் சாம்பலில் கோழி கீறின தடம். அதைக் கும்பிடுகிறாள்.

அவன் கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“புள்ளய ஒருக்காக் குடுத்துட்டனுங்க சாமி. இவளையும் குடுக்கச் சொல்றீங்களா?”

கட்டைப் பிடுங்கிக் கிழித்துவிடு என்றேன். கிழித்தால் அவளும் சேர்ந்து போய்விடுவாள் என்றான். நீங்கள் எழுதினது, நீங்களே ஏதாவது செய்யுங்கள் என்றான்.

பகலெல்லாம் ஒன்றும் ஓடவில்லை. மாரிமுத்து மூன்று தடவை மாத்திரை கொண்டுபோய் மூன்று தடவையும் திருப்பிக் கொண்டுவந்தார். இன்னும் இரண்டு ராத்திரி வெளியே இருந்தால் நுரையீரலில் சளி கட்டிவிடும் என்கிறார். மலைக்குக் கீழே தூக்கிப் போகலாம் என்றால் அந்த ஏற்ற இறக்கத்தில் இந்த உடம்பு தாங்காது.

சாயங்காலம் மாரிமுத்து கேட்டார், முதல் முறையாக: “ஏனுங்க சார், அந்தப் படம் கடைசில எப்படி முடியும்? நான்தான் எப்பவும் தரையைப் பாத்துக்கிட்டிருப்பனே.”

சொன்னேன். குட்டி முரண்டு பிடிப்பது, மண் போர்வை, தட்டுவது. அவர் பற்றவைக்க எடுத்த பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

“அதைக் காட்டியிருந்தா அந்தப் பொண்ணு கேட்டே இருக்காதில்லீங்க?”

இல்லை.

12, செவ்வாய்

வரைந்தேன். காலையிலிருந்து.

குளியல், கொசுப் படம் எதுவும் இல்லை. சமையல் மாரிமுத்து. என்ன தின்றேன் தெரியாது.

முதல் சில தாள் சுலபம், செல்லியின் நடை கைக்கு வந்துவிட்டது. கல் அருகே கால். குடத்தை இறக்கிவைக்கிறாள். திரும்புகிறாள். மூஞ்சி தெரியாமல் இருக்கச் சடையை முன்னால் போட்டேன். உட்காருகிறாள். எழுந்துவிடுகிறாள், முரண்டு. மறுபடி உட்கார்ந்து படுக்கிறாள். படுக்கும்போதும் எடை வேண்டும். தலை சாயும் இடத்தில் மண் அமுங்க வேண்டும். இல்லாவிட்டால் பேய் என்று சொல்லிவிடுவாள், சொல்வது சரியாகவும் இருக்கும்.

பிறகு போர்த்த ஆள் வேண்டும். ஆத்தாள் உருவம் வரைந்து வரைந்து அழித்தேன். வெள்ளச்சியின் முகத்தை இதில் வைக்க நான் யார்? கடைசியில் கை மட்டும். ஓரத்திலிருந்து நீளும் ஒரு கை. மண்ணின் ஓரத்தைப் பிடிக்கிறது. இழுக்கிறது. கழுத்துவரை. ஒரு தட்டு. கையில் பித்தளைக் காப்பு.

அதற்குப் பிறகு வெறும் தாள்கள் சில. கல் மட்டும் இருக்கிறது.

இது மருந்தா விஷமா தெரியவில்லை. பாதிவழியில் இரண்டு முறை கிழிக்கப் போனேன். மாரிமுத்து கையைப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு முறையும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

பொழுது சாய வெள்ளச்சி வீடு. வாசலில் சாம்பல் தயாராகத் தூவியிருந்தது. அன்றைக்குக் கேட்டாயே, அவர்கள் எங்கே போனார்கள் என்று, நான் பொய் சொல்லிவிட்டேன், படம் அறுந்துபோனது, மிச்சம் இதுதான் என்றேன். கட்டைக் கையில் கொடுத்தேன்.

விட்டுப் பார்த்தாள். மெதுவாகத்தான். காப்புக் கை வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு மிச்சத் தாள்களும் விழுந்தன. கல் வரை.

இரண்டாம் முறை பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அழவில்லை. சடையன் என்னைப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

திரும்பும்போது வழி தவறி ஒரு சாமைக்காட்டுக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். மாரிமுத்து லாந்தரோடு தேடி வந்து கூட்டிப்போனார்.

13, புதன்

மஞ்சு. பயத்தில் எழுந்திருக்கவே மனமில்லை. மாரிமுத்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாரிமுத்துதான் தள்ளினார். வாசல்படி உள்ளே சாம்பல் இல்லை. பெருக்கிச் சாணம் தெளித்திருந்தது. சடையன் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தான்.

வெள்ளச்சி மூலையில் படுத்திருந்தாள். செல்லியின் கம்பளி அவள் மேல், கழுத்துவரை. சின்னக் கம்பளி, கால் இரண்டும் வெளியே.

தூங்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“காலெல்லாம் நல்லா இருந்துச்சுங்க சாமி. கையத்தான் பெருசா எழுதிப்போட்டீங்க. என் கை அவ்வளவு பெருசில்லீங்க.”

கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து மாரிமுத்துவிடம் நீட்டினாள், மாத்திரைக்கு.

உண்மைதான். சின்னக் கை.